பட்டை மருந்தும் பசித்த வாயும்

அன்று பொழுது விடிந்ததும் குழந்தைவேலு ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்டார். இன்று முதல் அவர் டாக்டர்.

யாரைக் கேட்டு? யாரையும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஆள் வேண்டுமே! ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் வெள்ளைக்காரத் துரை காரில் ஏறினார். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் சைக்கிளில் ஏறினார். இரண்டு பேரும் திரும்பி வரவில்லை. ஆஸ்பத்திரியில் மிச்சமிருந்தது ஒரு பெஞ்சு. அதையும் யாரோ அடுப்புக்கு உடைத்துவிட்டார்கள். சுங்கை லாலாங் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டு நின்றுபோனது. அரிசி நின்றுபோனது. குளிக்கிற சவுக்காரம் நின்றுபோனது. நிற்காமல் நடந்தது சொறி ஒன்றுதான்.

சொறி என்றால் ஏதோ அப்படி இப்படிச் சொறி இல்லை. தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில் லயம் லயமாகச் சொறிந்தார்கள். பேசும்போது சொறிந்தார்கள். சாமி கும்பிடும்போது சொறிந்தார்கள். ஜப்பான்காரச் சிப்பாய்க்குக் குனிந்து வணக்கம் போடும்போதுகூட ஒரு கை தானாக முதுகுப் பக்கம் போய்விடும். அதற்கு ஓர் அறை விழும். அறை வாங்கிய கன்னத்தையும் நின்று நிதானமாகச் சொறிவார்கள்.

ஆனால் ஊரைக் காப்பாற்றுவதற்காகக் குழந்தைவேலு டாக்டராகவில்லை. அவ்வளவு பெரிய மனசெல்லாம் அவருக்குக் கிடையாது. காரணம் அவர் வீட்டுக்குள் இருந்தது. மனைவி மருதம்மாள், மகள் செல்லாயி.

செல்லாயி கைக்குழந்தை. சண்டை வந்த பிறகு பிறந்தவள், பால் டின்னைக் கண்ணால் பார்க்காதவள். லயத்தில் கன்னம் என்று சொல்லும்படியான கன்னம் இருந்தது அவளுக்கு மட்டும்தான். மற்றப் பிள்ளைகள் கண்ணும் வயிறுமாகக் கிடக்க, இவள் மட்டும் கொழுக்கட்டை மாதிரி உருண்டாள். அடுத்த லயத்துப் பெண்கள் வேலை மெனக்கெட்டு வந்து அந்தக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அதை நினைத்தால் குழந்தைவேலுவுக்குத் தலை சுற்றும். மருதம்மாள் தின்பது என்ன? காலையில் மரவள்ளிக் கிழங்கு. மத்தியானம் அதே மரவள்ளிக் கிழங்கு, கூடக் கொஞ்சம் கீரை. பொழுது சாய்ந்தால், மத்தியானம் மிஞ்சின மரவள்ளிக் கிழங்கு. உள்ளே போவது இவ்வளவுதான். வெளியே வருவதோ பால்! முன்னே தோட்டத்து ஃபேக்டரியில் எஞ்சின் ஓடும், உருளை உருளும், ஆள்கள் கத்துவார்கள். அத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் பாலைக் கொட்டினால் ரப்பர் வந்தது, அவ்வளவுதான். கிழங்கைக் கொட்டினால் பால் வருமா? இங்கே அது ஒரு சத்தமும் இல்லாமல் நடக்கிறது.

குழந்தை பால் குடிக்கும்போது அவர் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வார். வாய் பிளந்திருக்கும்.

“என்னங்க அப்படிப் பாக்குறீங்க? படமா காட்டுறாங்க?”

“இல்ல மருதா. நீ கிழங்குதானே தின்னே?”

“ஆமா.”

“கிழங்கு மட்டுந்தானே?”

“பின்னே? நீங்க கோழியா அடிச்சுப் போட்டீங்க?”

“கிழங்குலேர்ந்து எப்படி புள்ள பால் வருது?”

“எனக்கென்னங்க தெரியும்? பசிச்சு அழுவுறா. வருது.”

இந்தப் பதிலைக் கேட்டதும் அவருக்குப் புல்லரிக்கும். கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். பெண்டாட்டியைக் கும்பிட்டால் நாலு பேர் சிரிப்பார்களே என்று, தூக்கின கையால் மூக்கைச் சொறிந்துகொண்டு எழுந்து போய்விடுவார்.

அப்பேர்ப்பட்ட மருதம்மாளுக்கே சொறி வந்துவிட்டது. விரல் இடுக்கில் தொடங்கியது. மணிக்கட்டுக்கு ஏறியது. இடுப்பைச் சுற்றியது. கடைசியில் மாரிலும் வந்துவிட்டது. பிள்ளையை எடுத்து வைத்தால் பல்லைக் கடிக்கிறாள். கண்ணில் தண்ணீர் நிற்கிறது. பிள்ளைக்கு அரை வயிறு நிரம்பினதும் பிடுங்கி எடுத்துவிடுகிறாள். செல்லாயி வீலென்று கத்துகிறாள்.

குழந்தைவேலு கணக்குப் போட்டுப் பார்த்தார். குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். வலிக்குப் பயந்து குறைத்தால் வற்றிப் போகும். வற்றினால் அந்தப் பிள்ளைக்கு வேறு என்ன இருக்கிறது? கிழங்குக் கஞ்சி ஊற்றி வளர்த்த பிள்ளைகளைத் துணியில் சுற்றி இடுகாட்டுக்குக் கொண்டுபோனதை அவர் பார்த்திருக்கிறார். அதற்குமேல் நினைக்க அவருக்குத் தெம்பில்லை. அதனால்தான் டாக்டரானார்.

அவருக்கு மருந்து பூசத் தெரியாதா என்ன? வருஷக் கணக்காக அதுதானே உத்தியோகம்! அவருடைய நோயாளிகள் பேச மாட்டார்கள், அது ஒன்றுதான் வித்தியாசம். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய இடம் மழையில் நனைந்தால் பட்டை அழுகும். பட்டை மருந்தை வாளியில் கலந்து, பிரஷை எடுத்துக்கொண்டு, மரம் மரமாகப் போய் அந்தக் காயத்தில் பூசி வந்தவர் குழந்தைவேலு. மருந்து கறுப்பாக இருக்கும். தார் நாற்றம் அடிக்கும். பூசினால் அழுகல் நின்றுவிடும்.

அந்த மருந்து அரை டிரம் தோட்டத்து ஸ்டோரில் நாதியற்றுக் கிடந்தது. அதை வீட்டுக்கு உருட்டி வந்தார். பக்கத்திலேயே ஒரு பெரிய மூட்டை மஞ்சள் தூளும் கிடந்தது. கந்தகம். அது இலை மருந்து. மரம் இலையுதிர்த்துத் தளிர் விடும்போது பூஞ்சை பிடிக்காமல் இருக்க இலைக்குத் தூவுவார்கள். இலை மருந்துக்கும் பட்டைக்கும் என்ன சம்பந்தம்? மருந்து என்கிற முறையில் அதை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆனால் மூட்டை கும்மென்று இருந்தது. ஏறி உட்கார்ந்து பார்த்தார். கால் தரையில் படவில்லை. என்ன சுகம்!

“இது எதுக்குங்க?” என்றாள் மருதம்மாள்.

“நாற்காலி. டாக்டருன்னா தரையிலயா உக்காருவாரு?”

வீட்டுக்கு முன்னால் கூரை இறங்கிய அஞ்சடியில் மூட்டையைப் போட்டு அதன்மேல் ஏறிக்கொண்டார். பட்டை மருந்தில் பழைய எஞ்சின் எண்ணெயை ஊற்றிக் குழைத்தார். களிம்பு ரெடி. ‘சர்வ சொறி சங்காரி’ என்று பெயரும் வைத்துவிட்டார்.

முதல் நோயாளி லயத்துச் சொறிநாய். பூசினதுதான் தாமதம், ஊளையிட்டுக்கொண்டு லாலாங் புல்லுக்குள் பாய்ந்தது. திரும்பி வரவே இல்லை.

“ஏங்க, செத்துப் போச்சா?”

“அடி போடி! குணமாயிடுச்சு. குணமானவன் எதுக்கு டாக்டரைத் தேடி வருவான்?”

இரண்டாவது நோயாளி பக்கத்து வீட்டு இருளப்பன். முழங்காலுக்குக் கீழே பூசினார். இருளப்பன் ஒரே ஓட்டமாக ஓடி ஆற்றில் இறங்கினான். சாயங்காலம்தான் கரையேறினான்.

“அண்ணே! தோலு உரிஞ்சு போச்சுண்ணே!”

“சொறி இருக்கா?”

“சொறி இருக்கறதுக்குத் தோலு வேணுமேண்ணே!”

“அதான் வைத்தியம்!”

“போதும்லா அண்ணே, உங்க வைத்தியம்!” என்று சொல்லிவிட்டு இருளப்பன் நொண்டிக்கொண்டு போனான். முதல் தடவை பூசும்போது எல்லாருக்கும் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும் என்று குழந்தைவேலு தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

மூன்றாவது நோயாளிக்காகத்தானே இத்தனை பாடு! சிரட்டை நிறையக் களிம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

“மருதா, இந்தா. சொறி உள்ள இடமெல்லாம் பூசு. மார்லயும் பூசு.”

மருதம்மாள் சிரட்டையை மோந்து பார்த்தாள். மடியில் இருந்த செல்லாயி தும்மினாள்.

“ஏங்க, பிள்ளை வாய் வைக்கிற இடங்க.”

“அதனால என்ன? நல்லாக் கேட்டுக்க. மரத்துக்கு மேல என்ன இருக்கு?”

“இலை.”

“அட, சுத்தி என்ன இருக்கு?”

“பட்டை.”

“மனுசனைச் சுத்தி என்ன இருக்கு? தோலு. ரெண்டும் ஒண்ணுதானே! நான் பட்டையில மருந்து பூசினேனே, பூசாத மரமுண்டா? மரம் பால் குடுக்காம நின்னுச்சா?”

மருதம்மாள் கல்யாணத்துக்கு முந்தியிலிருந்தே பாலுக்கு மரம் சீவினவள். உளியைக் கையில் எடுத்தால் மரத்துக்கே வலிக்காது என்று வேலை வாங்குகிற மண்டோர் சொல்வார். அவள் நிதானமாகப் பதில் சொன்னாள்.

“நீங்க பூசிட்டுப் போயிடுவீங்க. மறுநாள் சீவுறது யாரு?”

“நீதான்.”

“மருந்து காயறதுக்கு முன்னால சீவினா என்னாகும் தெரியுமா? பால் மருந்து மேல ஓடி வரும். பால் பிடிக்கிற மங்குல கறுப்பா வந்து நிக்கும். பால் நிறுக்கிற இடத்துல கணக்கெழுதுற கிராணி பாத்துட்டு, ‘தூக்கி ஊத்து’ன்னுவாரு. ஊத்திட்டு மங்கைக் கழுவி வைப்பேன். இவ வாய்தானே இங்க மங்கு? இதை எப்படிங்க கழுவுறது?”

குழந்தைவேலு ஒரு கணம் அசந்துபோனார். ஆனால் டாக்டர் அசரலாமா?

“மங்குக்கு அறிவில்ல. பிள்ளைக்கு அறிவிருக்கு. கசந்தா துப்பிடும்.”

“பசிச்ச வாய் துப்பாதுங்க.”

“இந்தாரு புள்ள! நீ வலியில பாதிப் பாலைக் குடுக்குற. இப்படியே போனா வத்திடும். வத்திட்டா என் பிள்ளைக்கு நான் எங்க போவேன்? சொல்லு, எங்க போவேன்?”

கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்துவிட்டது. மருதம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரட்டையை வாங்கிக்கொண்டாள்.

“சரிங்க. நீங்க சொன்னா சரி.”

இந்த இடத்தில் குழந்தைவேலு உஷாராகியிருக்க வேண்டும். மருதம்மாள் வாய்க்கு வாய் பேசினால், கடைசியில் விட்டுக் கொடுத்தாலும் கொடுப்பாள். சட்டென்று ‘சரிங்க’ என்றால், அன்றைக்குத் தோற்கப் போவது வேறு ஆள். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அந்தப் பாடம் அவர் மண்டையில் ஏறவில்லை.

“ஒண்ணே ஒண்ணுங்க. நான் பூசும்போது நீங்க பாக்கக்கூடாது. பால் குடுக்குற மார்ல மருந்து பூசறதை ஆம்பிளை பாத்தா கண்ணு பட்டு வத்திடுமாம்.”

“யாரு சொன்னா?”

“எல்லாரும் சொல்றாங்க. அதும் உங்க கண்ணு இருக்கே... வாயைப் பொளந்துகிட்டுப் பாப்பீங்களே!”

குழந்தைவேலுவுக்குப் பகீரென்றது. இத்தனை நாள் எதிரே உட்கார்ந்து பார்த்தோமே! அன்றிலிருந்து குழந்தை சிணுங்கினாலே அவர் எழுந்து தெருக்கோடிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

மறுநாளே மருதம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, சம்சியா அக்காவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பக்கத்து ஊரான புக்கிட் செலம்பாவுக்கு நடந்தாள். சம்சியா அக்கா அங்கே மருத்துவச்சி. செல்லாயியைக் கையில் ஏந்தி முதல் தண்ணீர் ஊற்றினவள். பிரசவம் பார்த்தவளிடம் பிள்ளையைக் காட்டுவது வழக்கம்தானே என்று குழந்தைவேலு சும்மா இருந்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிசயம். தினமும் காலையில் ஒரு சிரட்டைக் களிம்பு உள்ளே போகும். சாயங்காலம் சுத்தமாகத் துடைத்த சிரட்டை வெளியே வரும். மருதம்மாள் நடந்து போனால் சேலை ஓரத்தில் தார் நாற்றம் கமகமக்கும். ஒரு வாரம் போயிருக்கும், விரல் இடுக்கு ஆறியது. மணிக்கட்டு ஆறியது. பல்லைக் கடிப்பது நின்றது. செல்லாயி வயிறு முட்டக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டாள். தெருக்கோடியில் முதுகைக் காட்டி நின்ற குழந்தைவேலுவின் காதில் அந்த ஏப்பம் விழுந்தது. அவர் கண் கலங்கிவிட்டது.

‘நான் மனுசனா, சாமியா?’ என்று அவருக்கே தம்மைப் பற்றிச் சந்தேகம் வந்துவிட்டது.

அவருக்கும் முதுகில் சொறி உண்டு. ஆனால் டாக்டருக்குச் சொறி என்றால் யார் மதிப்பார்கள்? ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொள்வார். களிம்பைத் தமக்குப் பூசிக்கொள்ள மட்டும் ஏனோ மனசு வரவில்லை. இருளப்பன் ஆற்றில் உட்கார்ந்திருந்த காட்சி கண்முன்னால் வந்து நின்றது. சனிக்கிழமை மருதம்மாள் அவரைப் பலகையில் உட்கார வைத்துத் தலை முதல் கால் வரை எண்ணெய் தேய்த்தாள்.

“ஏ புள்ள, எண்ணெய்ல என்ன மத்தாப்பு வாசம் அடிக்குது?”

“சண்டைக் காலம்ங்க. எண்ணெய்லகூடக் குண்டு வாசம் வருது.”

“அதுவும் சரிதான்.”

“குளிக்கறதுக்கு அவசரப்படாதீங்க. நல்லா ஊறட்டும். கட்டியிருக்குற வேட்டியையும் குடுங்க, வெந்நீர்ல போடணும்.”

நாலைந்து எண்ணெய்க் குளியலில் முதுகு வழவழவென்று ஆகிவிட்டது. களிம்பைத் தொட்டுக் குழைக்கிற கைக்கே இவ்வளவு சக்தியா, நேரே முதுகுக்கு ஏறிவிட்டதே என்று குழந்தைவேலு வியந்து போனார்.

லயத்திலும் ஒவ்வொருவராகச் சொறிவதை நிறுத்தினார்கள். பெண்கள் வந்து பயபக்தியோடு சிரட்டையில் களிம்பு வாங்கிப் போனார்கள். போகிற போக்கில் மருதம்மாளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்கள். இருளப்பன்கூட வந்து வாங்கினான். “தோலு உரிஞ்சவனும் திரும்பி வாரான் பாத்தியா!” என்று பெருமைப்பட்டார் டாக்டர்.

இன்னொரு அதிசயமும் நடந்தது. சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களில் எல்லாம் காட்டுப்பன்றி இறங்கி மரவள்ளியைக் கிளறித் தின்றுகொண்டிருந்தது. இவர்கள் லயத்துக் கொல்லையில் மட்டும் ஒரு கிழங்கு போகவில்லை. “நம்ம ஆளுங்க உடம்புல அடிக்குற மருந்து வாடைக்கே பன்னி ஓடுது!” என்றார் குழந்தைவேலு. மருதம்மாள் அதை மறுக்கவில்லை.

ஒரே ஒரு விஷயம் மட்டும் அவருக்குப் புரியவில்லை. நாற்காலி. முதலில் உட்காரும்போது கால் தொங்கியது. பிறகு பாதம் தரையைத் தொட்டது. பிறகு முழங்கால் மேலே வந்தது. இப்போது முழங்கால் மோவாயை இடிக்கிறது.

“மருதா, மூட்டை அமுங்குதே!”

“நீங்க வெயிட்டு போட்டுட்டீங்க.”

நாடே எலும்பும் தோலுமாக அலைகிறபோது தாம் எடை கூடுகிறோம் என்றால் சும்மாவா? வைத்தியன் கை ராசி! முழங்காலைக் கட்டிக்கொண்டு சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் செல்லாயியின் கழுத்து மடிப்பில் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்தது. வெறும் வேர்க்குரு. வெயில் காலத்தில் எந்தப் பிள்ளைக்கு வராது? டாக்டர் பார்த்தார். எழுந்தார். அன்றைக்கு அஞ்சடியில் இருளப்பனும் இன்னும் நாலைந்து பேரும் இருந்தார்கள். எல்லார் முன்னாலும் அறிவித்தார்.

“சொறி! என் பிள்ளைக்கே சொறி! விட்டேனா பாரு. கொண்டா சிரட்டையை. இன்னிக்கு என் கையாலயே பூசுறேன். கழுத்துக்கு, கைக்கு, காலுக்கு. மருதா, உனக்கும் மார்ல இன்னொரு தடவை என் எதிர்க்கவே பூசு. கண்ணு பட்டா படட்டும், என் மருந்து அதையும் பாத்துக்கும்!”

மருதம்மாள் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். சிரட்டை நெருங்கி வந்தது. அவள் முகத்தில் முதல் தடவையாகப் பயம் தெரிந்தது. இத்தனை நாள் அவர் கண்ணில் மண்ணைத் தூவியாயிற்று. கையைப் பிடித்துத் தடுத்தால் நாலு பேர் முன்னால் மனுசன் இன்னும் முறுக்கிக்கொள்வார். செல்லாயியோ அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு தன் கட்டை விரலைச் சப்பினாள். மருதம்மாள் அந்த விரலைப் பார்த்தாள்.

“சரிங்க,” என்றாள்.

“அப்படி வா வழிக்கு!”

“ஆனா இவ கை எப்பவும் வாயிலதான் இருக்கு, பாருங்க. கையில பூசினா வாய்க்குத்தான் போகும். நீங்க மொதல்ல உங்க விரல்ல பூசிச் சப்பிக் காட்டிடுங்க. அப்பா பண்ணினா இவளும் பயப்பட மாட்டா.”

“நானா?”

“நல்ல மருந்துதானே? குழந்தைக்கே ஒண்ணும் பண்ணாத மருந்து, எருமை மாதிரி இருக்குற உங்களை என்ன பண்ணிடும்?”

இருளப்பன் கனைத்தான். “அதானேண்ணே! சும்மா ஒரு சப்பு.”

நாலு பேர் பார்க்கிறார்கள். டாக்டர் பின்வாங்கலாமா? கட்டை விரலைக் களிம்பில் முக்கினார். செல்லாயியைப் பார்த்து ஓர் இளிப்பு இளித்தார். வாயில் வைத்து ஒரு சப்பு சப்பினார்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு கண் பெரிதானது. பிறகு காது சிவந்தது. பிறகு குழந்தைவேலு, இருளப்பன் எந்த வழியாக ஓடினானோ அதே வழியாக ஆற்றுக்கு ஓடினார். வாயைக் கொப்பளித்தார், துப்பினார், மறுபடி கொப்பளித்தார். நாக்கு ரப்பர் மரப்பட்டை மாதிரி மரத்துப் போயிருந்தது. துப்பிக்கொண்டே இருந்தவருக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது.

பசித்த வாய் துப்பாது.

ஆற்றிலிருந்து வீடு வரை எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. வந்திருந்தவர்கள் கலைந்து போயிருந்தார்கள். மருதம்மாள் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் காலடியில் போய் விழுந்தார்.

“மருதா! இதையா தினமும் பூதினே? இதையா என் புள்ள குடிச்சா?” நாக்கு புரளவில்லை. கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. “பால் வத்தக் கூடாதுன்னு விதத்தைக் குடுத்துட்டேனே! நான் பாவி! நான் பாவி!” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மருதம்மாள் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

“ஏங்க! ஏங்க! சும்மா இருங்க. பிள்ளை பயந்துக்கப் போவுது. நான் பூசினாத்தானே அவ குடிக்க?”

குழந்தைவேலு அழுகையை நடுவில் நிறுத்தினார்.

“பூதலையா?”

“ஒரு பொட்டுகூடப் பூசல. சேலை ஓரத்துல தொட்டு வச்சுக்குவேன், உங்க மூக்குக்காக.”

“அப்போ தினமும் ஒரு திரட்டை?”

“வேலிக்குப் பூசினேன். அந்த நாத்தத்துக்குப் பன்னி கிட்டயே வரல. லயத்துல எல்லாரும் அதுக்குத்தான் வாங்கிட்டுப் போறாங்க.”

“அப்போ உனக்கு எப்படிக் குணமாச்சு? லயத்துக்கே எப்படிக் குணமாச்சு?”

“கந்தகங்க. சண்டைக்கு முன்னால இலைக்குத் தூள் தூவப் போன பொம்பளைங்க ஒருத்தி கையிலயாவது சொறி பாத்திருக்கோமா? அதை நினைச்சுட்டுத்தான் சம்சியா அக்காகிட்ட ஓடினேன். அவங்களும் அதைத்தான் சொன்னாங்க. தேங்காயெண்ணெயில கொஞ்சமாக் குழைச்சு, பிள்ளை குடிச்சு முடிச்சதும் பூசணும். பிள்ளை வாய் படற காம்புல மட்டும் கூடாது. அடுத்த தடவை குடுக்கறதுக்கு முன்னால வெந்நீர்த் துணியால நல்லாத் துடைச்சுடணும். துணியெல்லாம் கொதிக்க வைக்கணும். வீட்டுல இருக்குற அத்தனை பேரும் ஒரே நேரத்துல பூசணும், ஒருத்தர் விட்டாலும் திரும்ப வந்துடும்னாங்க. இவளுக்குக்கூட அவங்க சொன்ன அளவு துளியூண்டு பூசி, சப்பாம இருக்கக் கையில துணி சுத்தி விட்டேன். உங்க முதுகுதான் பெரும்பாடு. அதான் சனிக்கிழமை எண்ணெய். களிம்பு வாங்க வந்த பொம்பளைங்களுக்கும் அதையேதான் ரகசியமாக் குடுத்தனுப்பினேன்.”

மத்தாப்பு வாசம்! குழந்தைவேலுவுக்குச் சண்டைக்காலத்து எண்ணெயின் ரகசியம் புரிந்துவிட்டது.

“அவ்வளவு கந்தகத்துக்கு எங்க போனே? மருந்துக்கடையே இல்லையே!”

மருதம்மாள் அஞ்சடிப் பக்கம் பார்த்தாள். “தினமும் அது மேலதாங்க உக்காந்திருந்தீங்க.”

அவர் எழுந்து தள்ளாடிப் போய் நாற்காலியைப் பார்த்தார். மூட்டையின் பின்பக்கம் அழகாக ஒரு கீறல். சிரட்டை உள்ளே போய் வருகிற அளவுக்கு. மரம் சீவின கை, ஒரு நூல் பிசிறில்லாமல் சீவியிருந்தது.

உள்ளே செல்லாயி குடிக்கிற சத்தம் கேட்டது. பழையபடி அவர் வாய் பிளந்தது. கிழங்கைப் பாலாக்கினாள். டாக்டரின் நாற்காலியை மருந்தாக்கினாள். டாக்டரின் மருந்தை வேலியாக்கினாள். பால் ஒரு வேளை தவறவில்லை, பிள்ளை வாயில் ஒரு கறுப்புத் துளி படவில்லை, புருஷன் மனசும் நோகவில்லை. இவ்வளவையும் கிழங்கைத் தின்றுகொண்டே செய்திருக்கிறாள்! இந்தத் தடவை யார் சிரித்தால் என்ன என்று குழந்தைவேலு கையைத் தூக்கி நிஜமாகவே கும்பிட்டார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

தொப்பென்று தரையில்தான் உட்கார்ந்தார். மூட்டையில் கடைசிச் சிரட்டையும் காலையிலேயே போய்விட்டிருந்தது.

“அடிபட்டுச்சாங்க?” என்று உள்ளிருந்து மருதம்மாள் கேட்டாள்.

“மருதா... அப்போ நான் டாக்டரே இல்லையா?”

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் இருளப்பன் பெண்டாட்டி காளியம்மா கையில் சிரட்டையோடு வந்து நின்றாள்.

“டாக்டர் அண்ணன் இருக்காங்களா?”

குழந்தைவேலுவுக்கு உயிர் வந்தது. தரையிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தார். மீசையைத் தடவிக்கொண்டார்.

“இருக்கேன்மா, இருக்கேன். யாருக்கு, என்ன உடம்புக்கு?”

“உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. எங்க கிழங்குக்கு இப்ப முள்ளம்பன்னி வருது. அதுக்கும் கேக்குமா, உங்க மருந்து?”